ஹோரோவிட்ஸை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? நான்கு காலங்கள், ஓர் ஒப்பீடு

விளாதிமிர் ஹோரோவிட்ஸின் பியானோவைக் கேட்கலாம் என்று ஸ்ட்ரீமிங் செயலியில் அவர் பெயரைத் தட்டியதுமே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஷூமனின் 'டிராய்மெரை' என்ற சின்ன உருப்படி மட்டும் 1962, 1965, 1986, 1987 என்று வரிசையாக நிற்கிறது. ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1930, 1941, 1951, 1978 என்று நான்கு. எல்லாம் அவரே வாசித்தவை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் "இதுதான் உச்சம்" என்று எழுதியும் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர் எதைப் பிடிப்பது, எதைக் காசு கொடுத்து வாங்குவது? வாசகர்கள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 1903-ல் கீவ் நகரத்தில் பிறந்த இவர் 1928-ல் அமெரிக்காவில் இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கி, 1989 நவம்பரில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை பதிவு செய்துகொண்டிருந்தார். அரக்குத் தட்டு, நீள்தட்டு, ஸ்டீரியோ, டிஜிட்டல் என்று ஒலிப்பதிவின் எல்லாப் பருவங்களும் அந்த 60 ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன. இடையில் நான்கு முறை மேடையை விட்டு விலகினார்: 1936 முதல் 38 வரை, 1953 முதல் 65 வரை, 1969 முதல் 74 வரை, 1983 முதல் 85 வரை. ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் வாசிப்பு கொஞ்சம் மாறியிருந்தது. அதனால் என் யோசனை இதுதான்: எந்த உருப்படி என்று தேடாதீர்கள், எந்தக் காலத்து ஹோரோவிட்ஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள். உருப்படி தானாக அமையும்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். நாதம் பதிவில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது முதலாவது. விரல்கள் அப்போது எந்த நிலையில் இருந்தன, எந்தெந்த இசையமைப்பாளர்கள் கிடைக்கிறார்கள், மேடைப் பதிவா அல்லது ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டியதா, கேட்பவர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பவை மற்ற நான்கு. ஐந்துக்கும் நான் சம மதிப்பு தருவதில்லை. முதலாவதற்குத்தான் பாதி மதிப்பெண். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஹோரோவிட்ஸ் என்றதும் எல்லோரும் வேகத்தையும் இடிபோல் விழும் ஆக்டேவ்களையும் (ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அடிப்பது) சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் வேகமாக வாசிக்க அவர் காலத்திலேயே வேறு சிலராலும் முடிந்தது, இன்று இன்னும் பலரால் முடிகிறது. அவருக்கே உரியது வேறொன்று.

பியானோவில் கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சுத்தியல் எகிறிக் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஸ்வரத்தை வாசிப்பவரால் குழைக்க முடியாது, அசைக்கவும் முடியாது. சுத்தியல் எவ்வளவு வேகத்தில் போகிறது, எந்தக் கணத்தில் போகிறது, பெடலை எப்போது மிதித்து எப்போது விடுகிறார் என்பவை மட்டும்தான் அவர் கையில். பியானோவில் 'நிறம்' என்று நாம் உணர்வதெல்லாம் இவற்றிலிருந்து பிறப்பதே. ஒரே சமயத்தில் ஒலிக்கும் நான்கு ஸ்வரங்களில் ஒன்று சற்றே கூடுதல், ஒன்று மிக மெல்லியது, ஒன்று இமைப்பொழுது பிந்தி என்று ஒரே கைக்குள் பிரித்துக் கொடுக்க ஹோரோவிட்ஸால் முடிந்தது. விரல்களை வளைக்காமல் தட்டையாக நீட்டி, மணிக்கட்டைத் தாழ்த்தி, சுண்டுவிரலைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசிப்பார். ஆசிரியர்கள் பொதுவாக மாணவருக்குச் சொல்லித்தராத முறை அது. அந்தக் கையிலிருந்து, நடுவில் புதைந்திருக்கும் ஒரு குரல் திடீரென்று தலை நிமிர்ந்து பாடும். அடுத்த வரியில் மறைந்துவிடும். கீழ்ஸ்தாயி உறுமிக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு மெல்லிய இழை அறுபடாமல் போகும்.

மெல்லிய ஒலிகளுக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பதிவு பிடிக்கவில்லை என்றால் ஹோரோவிட்ஸில் பாதி போய்விடும். சத்தமும் வேகமும் மட்டும் மிஞ்சும். அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் கணிசமானோர் அந்த மிஞ்சியதை மட்டும் கேட்டவர்கள் என்பது என் எண்ணம்.

## வழி 1: இளமைப் பதிவுகள், 1928–1936

1925-ன் இறுதியில் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, 1928 ஜனவரி 12-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் தாமஸ் பீச்சம் இசைக்குழுவை நடத்த, சாய்கோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவோடு அமெரிக்காவில் அறிமுகமான இளைஞர். அந்தப் பருவத்தின் முக்கியமான பதிவுகளில் பெரும்பாலானவை லண்டனில் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்தவை. ஆல்பர்ட் கோட்ஸ் நடத்திய லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு 1930-ல் வாசித்த ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ, அந்தப் படைப்பின் முதல் ஒலிப்பதிவு. 1932-ல் லிஸ்டின் பி மைனர் சொனாட்டா (சொனாட்டா என்பது இங்கே தனிப் பியானோவுக்கு எழுதிய படைப்பு). அதே ஆண்டில் ஹைடனின் ஒரு ஈ ஃபிளாட் சொனாட்டா. 1934-ல் ஷூமனின் டொக்காட்டா.

இவற்றில் கை சுத்தமாக இருக்கிறது, அலட்டல் குறைவு. பிற்காலத்தில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு, தேவையில்லாத இடத்திலும் உணர்ச்சியைத் தூக்கிக் கொடுக்கிறார் என்பது. அது இந்தப் பதிவுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. லிஸ்ட் சொனாட்டாவை அரைமணி நேரக் கதையாக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். 1970-களில் அதையே மறுபடி பதிவு செய்தார். அதில் ஆழமும் பயங்கரமும் அதிகம், ஆனால் கதை அங்கங்கே நின்றுவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் 1932-ஐ எடுப்பேன்.

இதன் மறைமுக விலை மூன்று. ஒன்று, இரைச்சல். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். பக்கங்களை ஒட்டித்தான் முழுப் படைப்பு. இரைச்சலை முழுக்க வடிகட்டிய மறுபதிப்புகள் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் இரைச்சலோடு மேல்ஸ்தாயியின் பளபளப்பும் போய்விடும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்த பதிப்பே மேல். இரண்டு, வெட்டுகள். 1930 கான்செர்ட்டோ முழுமையானதல்ல, பகுதிகள் விடுபட்டிருக்கின்றன. மூன்றாவது ஒரு பொறி. 1920-களின் பியானோ ரோல்களும் அவர் பெயரில் கிடைக்கின்றன. ஓட்டையிட்ட காகிதச் சுருளைப் பின்னாளில் ஒரு பியானோவில் ஓடவிட்டு நவீன மைக்கில் பிடித்தவை அவை. '1926' என்று போட்டு ஒலி மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எந்தக் கட்டை எப்போது என்பது காகிதத்தில் இருக்கும். அவர் விரல் எவ்வளவு மெல்லியதாகத் தொட்டது என்பதை அது நம்பும்படி சொல்லாது. மேலே சொன்ன காரணத்தால், ஹோரோவிட்ஸை அறிய ரோல்கள் கொஞ்சமும் உதவாது.

பழைய ஒலிக்குக் காது பழகியவர்களுக்கும், அவர்மேல் ஏற்கெனவே சந்தேகம் கொண்டவர்களுக்கும் இந்த வழி நல்லது. முதல்முறை கேட்கிறவருக்கு நான் இதைத் தரமாட்டேன்.

## வழி 2: ஆர்.சி.ஏ. ஆண்டுகள், 1940–1953

'மின்னல் விரல்' என்ற பெயர், ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்த இந்தக் காலத்தில்தான் நிலைத்தது. 1943 ஏப்ரலில் கார்னகி ஹாலில் போர்ப் பத்திரங்களுக்கு நிதி திரட்டிய கச்சேரியில், மாமனார் அர்துரோ டோஸ்கனினி நடத்த வாசித்த சாய்கோவ்ஸ்கி கான்செர்ட்டோ மேடைப் பதிவாகக் கிடைக்கிறது. இசைக்குழுவும் பியானோவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. கடைசிப் பக்கங்களில் ஆக்டேவ்கள் வரும்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவோம். 1941-ல் இதே இருவர் ஸ்டுடியோவில் செய்த பதிவு ஒழுங்கானது. ஆனால் தேடிப் போக வேண்டியது 1943.

அன்றைய புது இசையில் அவருக்கு இருந்த அக்கறை பலருக்குத் தெரியாது. புரோகோஃபியேவின் ஆறாம், ஏழாம், எட்டாம் சொனாட்டாக்களை அமெரிக்காவுக்கு முதலில் வாசித்துக் காட்டியவர் அவர். ஏழாவதை 1945-ல் பதிவும் செய்தார். சாமுவேல் பார்பரின் சொனாட்டாவை 1949-ல் ஹவானாவில் முதல்முறை வாசித்து, அடுத்த ஆண்டே பதிவு செய்தார். இந்த இரண்டும் இன்றைக்கும் புதிதாக ஒலிக்கின்றன. எஃகு போன்ற தாளம், அதற்குள் கசியும் கசப்பு.

இன்னொரு பக்கம், அவரே மாற்றி எழுதிக்கொண்ட உருப்படிகள்: பிஸேயின் 'கார்மென்' மீதான வேரியேஷன்கள், ஸூஸாவின் அணிவகுப்பு இசை, முசோர்க்ஸ்கியின் 'ஓவியக் கண்காட்சி'. கடைசியாகச் சொன்னதை 1947-ல் ஸ்டுடியோவிலும் 1951-ல் மேடையிலும் வாசித்திருக்கிறார். மேடைப் பதிவின் முடிவில் பியானோ என்ற வாத்தியம் இவ்வளவு தாங்குமா என்று தோன்றும்.

மறைமுக விலை இங்கேதான் கவனிக்க வேண்டியது. முசோர்க்ஸ்கி எழுதிய ஏட்டில் இல்லாத ஸ்வரங்கள் இதில் ஏராளம். 'ஓவியக் கண்காட்சி'யை முதலில் இவர் வழியாகக் கேட்டுப் பழகிவிட்டால், பிறகு யார் ஏட்டின்படி வாசித்தாலும் வெறுமையாகப் படும். அது அந்த வாசிப்பவரின் குறையல்ல. லிஸ்டின் ஹங்கேரிய ராப்சடிகளுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு படைப்பை அறியவேண்டும் என்றால் முதலில் வேறொருவரிடம் கேளுங்கள், அப்புறம் இவரிடம் வாருங்கள்.

ஒலி மோனோ. மைக்கை நெருக்கமாக வைத்த ஆர்.சி.ஏ. பதிவுகள் சிலவற்றில் உரத்த இடங்கள் காதைக் குத்தும். மெல்லிய பக்கம் சுருங்கியிருக்கும். முதலாவது அளவுகோலில் இந்தக் காலம் சற்றுத் தாழ்ந்துபோவது இதனால்தான். விரல் பலத்தில் இதை மிஞ்ச வேறு காலமே இல்லை. பியானோ பயிலும் இளைஞர் யாராவது "ஏன் இந்த மனிதரைப் பற்றி இவ்வளவு பேச்சு?" என்று கேட்டால் இங்கேதான் அனுப்புவேன்.

## வழி 3: கொலம்பியா ஆண்டுகள், 1962–1973

1953 பிப்ரவரியில் அமெரிக்க அறிமுகத்தின் வெள்ளிவிழாக் கச்சேரி. அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் மேடையே ஏறவில்லை. அந்த இடைவெளியிலும் வீட்டில் மைக் வைத்துக் கிளெமென்டியின் சொனாட்டாக்களைப் பதிவு செய்தார். யாரும் பொருட்படுத்தாத ஓர் இசையமைப்பாளர்மேல் அவர் காட்டிய அன்பு அது. 1962-ல் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது, ஸ்டீரியோ வந்திருந்தது, அவருக்கு 58 வயது, கையில் பலம் அப்படியே இருந்தது, சத்தமில்லாத பக்கம் முன்னைவிட விரிந்திருந்தது.

முதலாவது ஆல்பத்தில் ஷோபானின் 'மரண ஊர்வல' சொனாட்டா, ரக்மானினோவின் எத்யூத்-தாப்லோக்கள் (எத்யூத் என்றால் விரல் பயிற்சியாக எழுதிய உருப்படி), ஷூமனின் அராபெஸ்க், லிஸ்டின் 19-ஆம் ராப்சடி. அடுத்ததில் ஷூமனின் 'சிறுபிள்ளைக் காட்சிகள்', சில ஸ்கார்லாட்டி, சில ஸ்க்ரியாபின். 1964-ல் ஸ்கார்லாட்டி சொனாட்டாக்களுக்கென்றே தனி ஆல்பம். அதற்காக அந்த இசையின் பெரும் அறிஞரான ரால்ஃப் கர்க்பாட்ரிக்கிடம் ஆலோசனை கேட்டுத் தயாரானார் என்பது, அவரை வெறும் வித்தைக்காரராக நினைப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி.

அந்த ஸ்கார்லாட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹார்ப்ஸிகார்டுக்கு எழுதிய இசை. அந்த வாத்தியத்தில் அழுத்தமாகத் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் ஒலி அளவு மாறாது. அதைப் பியானோவுக்குக் கொண்டுவரும்போது ஒன்று தட்டையாக வாசித்துப் போலி ஹார்ப்ஸிகார்டு ஆக்குவார்கள், இல்லையென்றால் உணர்ச்சியைக் கொட்டிக் குழைத்துவிடுவார்கள். ஹோரோவிட்ஸ் இரண்டுமே செய்யவில்லை. பெடலை மிகக் குறைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக நறுக்கி, திரும்ப வரும் ஒரே சொற்றொடரை வேறு தூரத்திலிருந்து வருவதுபோல் வாசிக்கிறார். ஒரு சொனாட்டா சில நிமிடங்களுக்கு மேல் போகாது. மேற்கத்திய இசைக்கே புதியவருக்கு இதைவிட எளிய வாசலை நான் அறியேன்.

1969-ல் பதிவான ஷூமனின் 'கிரைஸ்லேரியானா' இந்தக் காலத்தின் சிகரம் என்பேன். எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் மனம் இரண்டாகப் பிளந்துகொள்ளும் இசை. நடுக்குரல்களைத் தலைநிமிர்த்தும் அவருடைய வித்தை இங்கே அலங்காரமாக நிற்காமல் அர்த்தமாகிறது. இதையே 1985-லும் பதிவு செய்தார். அது கனிந்தது. ஆனால் முதல் பகுதியின் வெறி 1969-ல்தான்.

அப்புறம் அந்த நாள், 1965 மே 9. கார்னகி ஹாலுக்கு அவர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். சீட்டுக்காக மக்கள் முந்தைய இரவே வரிசையில் நின்றிருந்தார்கள். பாக் எழுதி புஸோனி பியானோவுக்கு மாற்றிய டொக்காட்டா, ஷூமனின் ஃபான்டஸி, ஸ்க்ரியாபினின் ஒன்பதாம் சொனாட்டா, ஷோபானின் முதல் பல்லாட், கடைசியாக, ரசிகர்கள் கேட்க மறுபடி வாசித்த என்கோர்களில் டிராய்மெரை. 12 ஆண்டு அச்சம் முதல் பக்கத்தில் விரலில் தெரிகிறது. ஃபான்டஸியின் இரண்டாம் பகுதி முடிவில் வரும் பாய்ச்சல்களிலும் சறுக்கல் உண்டு. ஆனால் ஃபான்டஸியின் கடைசிப் பகுதியும் ஸ்க்ரியாபினும் இவ்வளவு திறந்த மனதோடு வேறெங்கும் கேட்டதில்லை.

இந்த வழியின் மறைமுக விலை இந்தப் பதிவில்தான் ஒளிந்திருக்கிறது. அன்று வெளிவந்த இசைத்தட்டில் தவறிய ஸ்வரங்கள் சிலவற்றைத் திருத்தி ஒட்டியிருந்தார்கள். 2003-ல்தான் ஒட்டுவேலை இல்லாத முழுக் கச்சேரியும் வெளிவந்தது. இரண்டும் இன்று அக்கம்பக்கமாகக் கிடைக்கின்றன. அட்டையில் 'திருத்தப்படாதது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதில் தயக்கமே இல்லை. தவறிய ஸ்வரங்களோடு உள்ளதையே வாங்குங்கள். அந்த முதல் பக்கம் தடுமாறினால்தான், இருபது நிமிடம் கழித்து வரும் அமைதி எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

இன்னொன்று, கொலம்பியா பதிவுகளின் ஆரம்பக்காலக் குறுந்தகடுகள் சில வறண்டு ஒலிக்கும். பிந்தைய மறுபதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். இந்தக் காலத்தில் கான்செர்ட்டோ எதையும் அவர் பதிவு செய்யவில்லை. இசைக்குழுவோடு கேட்க விரும்புகிறவருக்கு இங்கே ஒன்றும் இல்லை.

## இடையில்: 1974–1983

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978 ஜனவரியில் அமெரிக்க அறிமுகத்தின் பொன்விழாவுக்கு ஆர்மண்டி நடத்த வாசித்த ரக்மானினோவ் மூன்றாவது புகழ்பெற்றது. 74 வயதில் அந்த மலையை ஏறியது பெரிய விஷயம், ஆனால் தாளம் அடிக்கடி இழுபடுகிறது, பியானோ ஒலியில் உலோகக் கரகரப்பு. அந்தக் கான்செர்ட்டோவை இவரிடம் கேட்க 1951-ல் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்தச் செய்ததே என் தேர்வு. 1980-ன் ரக்மானினோவ் இரண்டாம் சொனாட்டா மட்டும் விதிவிலக்கு. இசையமைப்பாளரின் சம்மதத்தோடு 1913, 1931 வடிவங்களை இணைத்து அவர் உருவாக்கிக்கொண்ட பாடம் அது. 1983-ன் கச்சேரிகளை விட்டுவிடுங்கள். அப்போது உட்கொண்ட மருந்துகள் நினைவையும் கையையும் பாதித்திருந்தன. இரண்டு ஆண்டுகள் விலகியிருந்து மீண்டு வந்தார்.

## வழி 4: கடைசி ஆண்டுகள், 1985–1989

மருந்துகளை விட்டபின் வந்த ஹோரோவிட்ஸ் வேறு மனிதர். இடிமுழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டார். மொத்தார்ட் மையத்துக்கு வந்தார். 1987-ல் மிலானில் ஜூலினி நடத்த மொத்தார்ட்டின் 23-ஆம் கான்செர்ட்டோவையும் பதிவு செய்தார்.

மாஸ்கோ, 1986 ஏப்ரல் 20. நாட்டை விட்டு வெளியேறி 60 ஆண்டுகள் கழித்து, 82 வயதில், தன் சொந்த ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோய் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியின் பெரிய அரங்கில் வாசித்தார். ஸ்கார்லாட்டியில் தொடங்கி, மொத்தார்ட் சொனாட்டா கே. 330, ரக்மானினோவ், ஸ்க்ரியாபின், லிஸ்ட், ஷோபான். ஸ்க்ரியாபின் அவருக்கு வெறும் பெயரல்ல, சிறுவயதில் அவர் முன்னால் வாசித்துக் காட்டியவர் இவர். காணொளியும் உண்டு. டிராய்மெரை ஒலிக்கும்போது அரங்கில் கண்ணீர் வழியும் முகங்களைக் காட்டுகிறார்கள். அந்தக் காட்சி புகழ்பெற்றதுதான், ஆனால் நீங்கள் அவர் கையைப் பாருங்கள். தட்டை விரல்கள் கட்டையை விட்டு மேலே எழுவதே இல்லை. மெல்லிய ஒலியை அவர் எப்படி ஆள்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசிப் பதிவு 1989 அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பர் 1 வரை நியூயார்க் வீட்டில் நடந்தது. நவம்பர் 5-ல் இறந்தார். 86 வயதில், அதுவரை பதிவு செய்யாத உருப்படிகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். ஹைடன் சொனாட்டாவில் குறும்பு துள்ளுகிறது. இறுதியில் வாக்னரின் இசை நாடகத்தில் வரும் 'லீபஸ்டோட்' (காதல் மரணம்) லிஸ்டின் வடிவில், கீழ்ஸ்தாயி அலை அலையாக எழும்ப.

இதன் மறைமுக விலையும் உண்டு. ஒலி டிஜிட்டல், தெளிவு, உழைப்பே வேண்டாம். அதனால்தான் பலரும் இங்கே தொடங்கி இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இவரை அன்பான தாத்தாவாக மட்டும் அறிந்துகொள்வது பெரிய இழப்பு. மாஸ்கோவின் மென்மை, ஒரு காலத்தில் அரங்கையே உலுக்கிய கை தன்னைத்தானே அடக்கிக்கொண்ட மென்மை. அந்த முன்கதை தெரியாமல் கேட்டால் இனிமை மட்டும் கேட்கும், அடக்கம் கேட்காது. கனமான உருப்படிகளில் விரல் தளர்வும் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | 1928–36 | 1940–53 | 1962–73 | 1985–89 |
|---|---|---|---|---|
| நாதம் பதிவில் | மங்கல், இரைச்சல் | மோனோ, உரத்த இடங்களில் கூர்மை | ஸ்டீரியோ, மெல்லிய ஒலி நன்றாகத் தங்கியது | டிஜிட்டல், மிகத் தெளிவு |
| விரல் நிலை | சுத்தம், துடிப்பு | உச்ச பலம் | பலமும் நிறமும் சேர்ந்தது | மென்மை, கனமானவற்றில் தளர்வு |
| பலமான பகுதி | லிஸ்ட் சொனாட்டா, ரக்மானினோவ் 3 | சாய்கோவ்ஸ்கி, புரோகோஃபியேவ், பார்பர் | ஸ்கார்லாட்டி, ஷூமன், ஸ்க்ரியாபின் | மொத்தார்ட், ஹைடன், குறு உருப்படிகள் |
| மறைமுக விலை | வெட்டுகள், பியானோ ரோல் குழப்பம் | ஏட்டில் இல்லாத மாற்றங்கள் | திருத்திய 1965 பதிப்பு, கான்செர்ட்டோ இல்லை | இளமைத் தீ தெரியாமல் போவது |
| யாருக்கு | பழைய ஒலிக்குப் பழகியவர் | பியானோ பயில்பவர், வேகப் பிரியர் | முதல்முறை கேட்பவர் | இரைச்சல் தாங்காதவர், காணொளி வேண்டுபவர் |

## பெட்டித் தொகுப்பா, தனி ஆல்பமா?

சோனி நிறுவனம் கொலம்பியா, ஆர்.சி.ஏ. ஆல்பங்களைப் பழைய அட்டைகளோடு 70 குறுந்தகடுகளாக வெளியிட்டது. கார்னகி ஹால் கச்சேரிகளுக்கென்று 41 குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பு 2013-ல் வந்தது. ஒவ்வொரு தகட்டுக்கும் கணக்குப் பார்த்தால் பெட்டி மலிவு. ஆனால் ஒரே மஸூர்க்காவும் ஒரே எத்யூதும் திரும்பத் திரும்ப வரும். ஆண்டுகளை ஒப்பிட்டு மகிழ்கிறவருக்கு அது வரம். மற்றவருக்கு அலமாரியில் இடத்தை அடைக்கும். தவிர, எவ்வளவு பெரிய சோனி பெட்டியை வாங்கினாலும் மாஸ்கோ கச்சேரி அதில் இருக்காது. அது டாய்ச்சு கிராமஃபோன் நிறுவனத்தின் பதிவு. எல்லாம் ஒரே இடத்தில் என்று நம்பி வாங்காதீர்கள்.

தனி ஆல்பங்களாகப் போகிறவருக்கு நான்கு போதும்: 1964 ஸ்கார்லாட்டி, திருத்தப்படாத 1965 கார்னகி, 1943 சாய்கோவ்ஸ்கி, 1986 மாஸ்கோ. இந்த வரிசையிலேயே கேளுங்கள். 1965-ல் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை. இளமைப் பதிவுகளுக்கு எப்போது போகவேண்டும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

யாருக்கு ஹோரோவிட்ஸே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். பேத்தோவனின் சொனாட்டாக்களை வரிசையாகக் கேட்க நினைக்கிறவர் வேறொருவரிடம் போகலாம். அவர் அந்த முழு வரிசையை வாசிக்கவே இல்லை, வாசித்த சிலவும் அவருடைய பலமான பக்கம் அல்ல. பாக்கை மூலத்தின்படி கேட்க விரும்புகிறவருக்கும் இதே பதில்தான்.

எதையும் வாங்கும் முன்பு ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஸ்க்ரியாபின் தன் 15 வயதில் எழுதிய எத்யூத், ஓபஸ் 2 எண் 1. சுமார் மூன்று நிமிடம். 1962 ஸ்டுடியோ, 1965 கார்னகி, 1986 மாஸ்கோ மூன்றையும் அடுத்தடுத்து, ஹெட்போனில், ஒலியைக் கூட்டாமல் கேளுங்கள். மேலே செல்லும் மெட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இடைவிடாமல் துடிக்கும் கார்டுகளை (ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரத் தொகுதிகளை) மட்டும் கவனியுங்கள். 1962 பிடித்தால் கொலம்பியா ஸ்டுடியோ ஆல்பங்களில் ஷூமன் பக்கம் போங்கள். 1965 பிடித்தால் அந்த முழுக் கச்சேரியையும் ஓரமர்வில் கேட்டுவிட்டு, பிறகு 1951 மேடைப் பதிவான 'ஓவியக் கண்காட்சி'க்குத் திரும்புங்கள். 1986 பிடித்தால் மாஸ்கோ முழுவதையும் முடித்துக்கொண்டு, கடைசிப் பதிவின் ஹைடனை எடுத்து வையுங்கள்.